லோகோவிலேயே படம் தடுமாறுகிறதா? பழைய வீடியோ கசெற்றுகளின் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் வீட்டு அலுமாரிகளைத் திறந்தால் இன்னும் விஎச்எஸ் கசெற்றுகள் கிடக்கின்றன. கலியாண வீடியோ, உள்ளூர் வீடியோக் கடையில் அடித்த கொப்பி, லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவுக்காரர் கொண்டுவந்த அசல் கம்பனிக் கசெற் என்று எல்லாம் கலந்து கிடக்கும். கம்பியூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, தொடக்கத்தில சுத்திச் சுத்தி வார லோகோவே ஒழுங்கா வருகுதில்ல, டெக் பழுதாப் போயிற்றுது போல."

டெக், அதாவது கசெற் ஓட்டுகிற கருவி, பழுதாகவும் இருக்கலாம். ஆனால் லோகோ, அதாவது படத்துக்கு முன்னால் வருகிற வீடியோக் கம்பனியின் சின்னம், இருக்கிற அந்த முதல் ஒன்றிரண்டு மீற்றர்தான் முழுக் கசெற்றிலும் அதிகம் அடிபட்ட இடம். டெக் நாடாவை வெளியே இழுத்து, படத்தை வாசிக்கிற சுழலும் உருளையான டிரம்மில் சுற்றுவது பெரும்பாலும் அந்த இடத்தில், ரீவைன்ட் முடிந்து டக்கென்று இழுபட்டு நிற்பது அந்த இடத்தில், பிள்ளைகள் மூடியைத் தூக்கி விரல் வைப்பதும் அந்த இடத்தில்தான். அதனால் லோகோவை மட்டும் பார்த்து டெக்குக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

## எதையும் கழற்ற முன் ஒரு சோதனை

கசெற்றைப் போட்டு, படம் ஓடாமல் நிறுத்திய நிலையிலேயே முன்னுக்கு ஓடவிட்டு, ஐந்து நிமிடம் தள்ளிப் பிளே அழுத்துங்கள்.

- அங்கே படம் சுத்தமாக இருந்தால் பழுது நாடாவின் தொடக்கத்தில். டெக்கைத் தொடத் தேவையில்லை.
- அங்கேயும் அதே பழுது என்றால் வேறொரு கசெற் போடுங்கள், போனாலும் பரவாயில்லை என்கிற ஒன்றாகப் பார்த்து. அது சரியாக ஓடினால் முதல் கசெற்றில் குறை, அதுவும் கெட்டால் டெக்கில் குறை.

அப்புறம் ஒன்று. லோகோ சரியாக வரும்வரைக்கும் திரும்பத் திரும்ப ரீவைன்ட் பண்ணிப் பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். மிச்சமிருக்கிற காந்தப் பூச்சையும் உரித்தெடுப்பது அந்தப் பழக்கம்தான்.

## லோகோ வரவே இல்லை, நீலத்திரை மட்டும்

முதலில் கசெற் முழுதாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதியில் கழற்றி வைத்த கசெற்றைப் போட்டுவிட்டு லோகோ இல்லை என்று கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். இடது பக்கச் சுருளில் முழு நாடாவும் இருக்க வேண்டும்.

அது சரியென்றால் அடுத்தது அந்த நீலத்திரை. சிக்னல் கொஞ்சம் பலவீனமானால் டெக்கோ ரீவியோ தானாகவே படத்தை மறைத்து நீலத்தைக் காட்டும். டெக்கின் மெனுவில் நீலப் பின்னணியை நிறுத்தும் இடம் இருந்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால் பழைய குழாய் ரீவி ஒன்றில் செருகிப் பாருங்கள். தட்டை ரீவியில் வெறும் நீலமாக இருந்த இடத்தில் குழாய் ரீவியில் இரைச்சலோடு லோகோ தெரியலாம். அது தெரிந்தால் நாடாவில் படம் இருக்கிறது என்று அர்த்தம், கீழே கோடு விழுகிற பகுதிக்குப் போங்கள்.

குழாய் ரீவியிலும் லோகோ இல்லை, படம் நேரே எழுத்தோட்டத்தில் தொடங்குகிறது என்றால், அந்தக் கசெற்றில் லோகோ எப்போதுமே இருந்ததில்லை. கடையில் கொப்பி அடித்தவர் ரெக்கோட் பட்டனைப் பிந்தி அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். இதற்கு மருந்து இல்லை. லேபிளில் கம்பனிப் பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது அசல்தான் என்று நம்ப வேண்டாம், பெட்டியும் கசெற்றும் வேறு வேறாக மாறிக் கிடப்பது சர்வசாதாரணம்.

## படத்தில் வெள்ளைக் கோடுகள், இரைச்சல் பட்டை

பட்டை மேலும் கீழும் நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா, திரை முழுக்க இரைச்சலா என்பதைப் பொறுத்து மூன்று வழியாகப் பிரியும்.

நகர்கிற பட்டை என்றால் டிராக்கிங் பிழை, அதாவது டெக் வாசிக்கிற இடமும் நாடாவில் படம் பதிந்த தடமும் ஒத்துவரவில்லை. தானாக டிராக்கிங் பிடிக்கிற டெக்குக்கு அதைப் பிடிக்கச் சில செக்கன்கள் ஆகும். லோகோவின் நீளமும் அவ்வளவுதான், ஆக டெக் ஒழுங்குபட்டு முடியும்போது லோகோ போய்விடும். இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. ஐந்து நிமிடம் தள்ளி ஓடவிட்டு டிராக்கிங் நன்றாகப் பிடித்த பிறகு, கசெற்றை வெளியே எடுக்காமல் அப்படியே ரீவைன்ட் பண்ணிப் பிளே போடுங்கள். பெரும்பாலான டெக்குகள் கசெற்றை வெளியே தள்ளும்போதுதான் பிடித்த டிராக்கிங்கை மறக்கும். அதுவும் சரிவராவிட்டால் ரிமோட்டில் அல்லது டெக்கின் முகப்பில் இருக்கிற டிராக்கிங் கூட்டல், கழித்தல் பட்டன்களால் கையாலேயே பிடித்துப் பாருங்கள்.

திரை முழுக்க இரைச்சல், எல்லாக் கசெற்றிலும் அப்படித்தான் என்றால், டிரம்மில் இருந்து நாடாவை வாசிக்கிற முனையான ஹெட் அழுக்கு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கடற்கரைப் பக்க வீடுகளில் மூடாமல் வைத்த டெக்கில் இது கட்டாயம் வரும், மணலும் தூசும் எங்கே போகும்? பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறவுங்கள். சுத்தமான தடித்த வெள்ளைக் கடதாசியில் ஒரு துண்டு வெட்டி ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் தட்டையாக வையுங்கள். கடதாசியை அசைக்கக் கூடாது. டிரம்மின் மேற்பக்கத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும், ஹெட் என்பது நகக்கண்ணை விடச் சின்ன ஒரு கல், அவ்வளவு மெல்லியது. காது குடைகிற பஞ்சுக் குச்சியை டிரம்முக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள், பஞ்சு சிக்கினால் ஹெட்டையும் இழுத்துக்கொண்டு வரும். பாமசியில் விற்கிற 70 வீத ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கிறது, போன் திருத்துகிற கடையில் 99 வீதம் கேட்டு வாங்குங்கள். துடைத்தபின் நன்றாகக் காயவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

பட்டை திரையின் மேலோ கீழோ ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது, டிராக்கிங்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறவில்லை, எல்லாக் கசெற்றிலும் அப்படியே என்றால் நாடாவை வழிநடத்துகிற உருளைகளின் உயரம் மாறியிருக்கிறது. ஸ்குறூ கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகத் திருகாதீர்கள். ஒசிலஸ்கோப் வைத்திருக்கிற, கையில் சோதனைக் கசெற் இருக்கிற ஆளிடம் கொண்டுபோங்கள்.

## லோகோ எழுத்தின் மேற்பக்கம் வளைகிறது

நேரான பெரிய எழுத்துகள் உள்ள லோகோவில் இது பளிச்சென்று தெரியும், படத்துக்குள் போனால் கண்ணுக்கே படாது. எழுத்தின் மேல் நுனி ஒரு பக்கமாக இழுபட்டுக் கொக்கி போல வளையும்.

குழாய் ரீவியில் நேராக இருந்து தட்டை ரீவியில் மட்டும் வளைந்தால் ரீவிதான் பொறுக்காமல் அடம்பிடிக்கிறது. சில பழைய ரீவிகளில் வீடியோவுக்கென்று தனிச் சனல் இருக்கும், அதில் போட்டுப் பாருங்கள், வளைவு மறைந்துவிடும்.

இரண்டிலும் வளைந்து, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சரியாகிறது என்றால் நாடாவின் தொடக்கம் இழுபட்டு நீண்டிருக்கிறது. நீண்ட நாடாவைத் திரும்பச் சுருக்க முடியாது. ஆனால் கம்பியூட்டருக்கு மாற்றும்போது டெக்குக்கும், படத்தைக் கம்பியூட்டருக்குள் ஏற்றுகிற கப்சர் கருவிக்கும் நடுவில் ஒரு டிவிடி ரெக்கோடரை வைத்து அதன் வழியாகச் சிக்னலைக் கடத்தினால் வளைவு பெருமளவு நிமிரும். எல்லா ரெக்கோடரும் இதைச் செய்யாது. பனசோனிக்கின் டிஎம்ஆர்-ஈஎஸ்10, ஈஎஸ்15 இரண்டும் இந்த வேலைக்குப் பெயர் போனவை. பழைய சாமான் கடையில் கண்டால் டிஸ்க் ஓடாவிட்டாலும் வாங்குங்கள், நமக்குத் தேவை டிஸ்க் பகுதி இல்லை.

எல்லாக் கசெற்றும் எல்லா இடத்திலும் வளைந்தால் டெக்கில் நாடாவின் இழுவிசையைக் கட்டுப்படுத்தும் பட்டி தேய்ந்திருக்கிறது. இது ரேடியோ, ரீவி திருத்துகிறவரின் வேலை.

## நிறம் இல்லை, அல்லது நிறம் அலைகிறது

கசெற் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். நம் ஊர் கசெற், லண்டன் கசெற், ஜெர்மனிக் கசெற் மூன்றும் பால் (PAL) என்கிற நிற ரீவி முறை, 625 வரி, செக்கனுக்கு 25 படம். கனடா, அமெரிக்கக் கசெற் என்ரிஎஸ்சி (NTSC) முறை, 525 வரி, செக்கனுக்குக் கிட்டத்தட்ட 30 படம். பாரிசிலிருந்து வந்தது செக்காம் (SECAM) முறையாக இருக்கலாம்.

செக்காம் கசெற்றைப் பால் டெக்கில் போட்டால் படம் ஓடும், கறுப்பு வெள்ளையில். என்ரிஎஸ்சி ஓட்டத் தெரியாத பால் டெக்கில் கனடாக் கசெற்றைப் போட்டால் படம் உருளும், சத்தமும் வேகம் தப்பும். என்ரிஎஸ்சி ஓட்டக்கூடிய டெக் என்றால் ரீவியில் நன்றாக வரும், ஆனால் கம்பியூட்டரில் கறுப்பு வெள்ளையாக விழும். ஏனென்றால் இந்த டெக்குகளில் பெரும்பாலானவை வெளியே அனுப்புவது சுத்தமான என்ரிஎஸ்சி இல்லை, பால்-60 என்கிற கலப்பு முறை. கப்சர் மென்பொருளில் முறையைப் பால்-60 என்று மாற்றுங்கள். அந்தத் தெரிவே இல்லையென்றால் கப்சர் கருவியை மாற்ற வேண்டும், டெக்கில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

லோகோவில் மட்டும் வானவில் போல நிறங்கள் சரிந்து ஓடி, அடியில் வேறு ஏதோ படம் மங்கலாகத் தெரிகிறதா? அது மேலால் ரெக்கோட் செய்த கசெற். வீட்டு டெக்கில் நாடாவை முழு அகலத்துக்கும் அழிக்கிற ஹெட், டிரம்முக்குச் சில அங்குலம் முன்னால் தனியே நிற்கிறது. ரெக்கோட் அழுத்திய கணத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட நாடாத் துண்டு அழிபடாமலே புதுப் படத்தை வாங்கிக்கொள்ளும். பழைய படத்தின் மிச்சமும் புது லோகோவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சில செக்கன் ஓடும், பிறகு தானாகச் சுத்தமாகும். திருத்த முடியாது. என்னைக் கேட்டால் திருத்தவும் வேண்டாம், சிலவேளை அந்த அடிப்படத்தில்தான் வீட்டுக்காரர் மறந்துபோன ஏதாவது தெரியும்.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு, நீலக் கோடுகள் வெளிச்சமாக ஓடும் எண்பதுகளின் லோகோக்களில், வால்ற் டிஸ்னி ஹோம் வீடியோவின் நியோன் மிக்கி மவுஸ் போன்றவற்றில், சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வலது பக்கம் வழிவது பழுதே இல்லை. விஎச்எஸ்ஸில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவு குறைவு. ரீவியில் நிறத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

## வெளிச்சம் கூடிக் குறைகிறது

டெக்கை நேரடியாக ரீவியில் செருகினால் லோகோ நன்றாக வருகிறது, கம்பியூட்டரில் அல்லது இரண்டாவது டெக் வழியாகப் பார்த்தால் மட்டும் பிரகாசமாகி இருண்டு, பிரகாசமாகி இருண்டு வருகிறது என்றால் ஒன்றும் பழுதில்லை. அது மக்ரோவிஷன் என்கிற கொப்பித் தடை. 1985இலிருந்து கம்பனிகள் அசல் கசெற்றுகளில் போடத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத வரிகளில் பொய்யான துடிப்புகளை வைத்து, ரெக்கோட் செய்கிற கருவியின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாட்டை ஏமாற்றுகிற வேலை. கம்பனிக் கசெற் என்றால் ரீவியில் பார்த்துவிட்டு வையுங்கள். ஆனால் வீட்டுக் கலியாண வீடியோவிலும் இப்படி வந்தால் கப்சர் கருவி நாடாவின் சேதத்தைத் தடை என்று தவறாக எடுத்துக்கொள்கிறது, மேலே சொன்ன டிவிடி ரெக்கோடரை நடுவில் வைத்துப் பாருங்கள்.

நேரடியாக ரீவியிலும் கூடிக் குறைந்தால் வயரின் முனையைத் துடைத்து இறுக்குங்கள். வயரை மாற்றியும் போகாவிட்டால்தான் திருத்துகிறவரிடம்.

## லோகோ இசை அலைகிறது, இரைகிறது

லோகோவில் வரும் அந்த இழுத்து நிற்கிற சிந்தசைசர் சுரம் சோதனைக்குக் கிடைத்த வரம். பேச்சில் தெரியாத வேக மாற்றம் அதில் உடனே தெரியும்.

- சுரம் மெதுவாக ஏறி இறங்கினால்: நாடாவை இழுக்கிற றப்பர் உருளை வழுக்குகிறது. அல்கஹோலில் நனைத்த துணியால் உருளையையும் அது அழுத்துகிற உலோகத் தண்டையும் துடையுங்கள். தின்னர் வேண்டாம், றப்பர் உருகும். துடைத்தும் உருளை பளபளவென்று கண்ணாடியாகவே இருந்தால் மாற்ற வேண்டும். டெக் தயாரித்த கடைசிக் கம்பனியான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, ஆகவே செத்த டெக் ஒன்று கிடைத்தால் பழைய இரும்புக்குப் போடாமல் உருளைக்காகவாவது வைத்திருங்கள்.
- கரகரவென்று இரைந்தால்: ஹைஃபை ஒலி டிரம்மில் இருக்கிற ஹெட்டால் வாசிக்கப்படுகிறது, டிராக்கிங் கொஞ்சம் தப்பினாலும் இரையும். டெக்கில் ஒலியை நோர்மல் அல்லது மோனோவுக்கு மாற்றுங்கள், நாடாவின் ஓரத்தில் இருக்கிற சாதாரண ஒலி கிடைக்கும்.
- எல்லாமே இரட்டை வேகத்தில் கீச்சென்று ஓடினால்: அது எல்பி என்கிற பாதி வேகத்தில் அடித்த கொப்பி. எல்பி இருக்கிற டெக்கைத் தேடுங்கள், வேறு வழி இல்லை.

## லோகோ தொடங்கிச் சில செக்கனில் டெக் நின்றுவிடுகிறது

திரையில் 'டியூ' என்று காட்டினால் உள்ளே ஈரம். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த டெக்கில் மாரிகாலத்தில் இது வரும். கசெற் போடாமல் கரண்டை மட்டும் கொடுத்துச் சில மணித்தியாலம் விடுங்கள்.

மூடியைக் கழற்றி வைத்து, வெயிலிலோ பலத்த பல்ப் வெளிச்சத்திலோ ஓட்டிப் பார்க்கிறீர்களா? முதலில் நிழலுக்குக் கொண்டுபோங்கள். நாடா முடிந்துவிட்டதை டெக் அறிவது இரு முனையிலும் இருக்கிற ஒளிபுகும் துண்டின் வழியாக வரும் வெளிச்சத்தால். வெளி வெளிச்சம் உள்ளே விழுந்தால் நாடா முடிந்தது என்று நினைத்து நிறுத்தும். நல்ல டெக்கைப் பழுதென்று இப்படித்தான் பலர் கொண்டுவருகிறார்கள்.

இரண்டும் இல்லையென்றால் வலது பக்கச் சுருள் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாமல் இருந்தால் இழுத்த நாடா உள்ளே குவியும், டெக் அதைக் கண்டு நின்றுவிடும். சுருளைச் சுற்றவைக்கிற ஐட்லர் றப்பர் அல்லது பெல்ட் போயிருக்கிறது. பெல்ட் மாற்றுவதைக் கை பழகியவர்கள் செய்யலாம், மற்றவர்கள் இதோடு திருத்துகிறவரைக் கூப்பிடுங்கள். நாடா உள்ளே சிக்கியிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம்.

## நாடா கசங்கிவிட்டது, அல்லது அறுந்துவிட்டது

கசெற்றின் பக்கத்தில் இருக்கிற சின்னப் பிடியை அழுத்தி மூடியைத் தூக்குங்கள். அடியில் நடு ஓட்டையில் பேனை முனையை விட்டால் சுருள்கள் விடுபட்டுக் கையால் சுற்றக் கூடியதாக இருக்கும். லேசாகச் சுருங்கின நாடாவை அப்படியே சுற்றி வைத்து, ஒரு தரம் மட்டும் ஓட்டி கம்பியூட்டருக்கு எடுத்துவிடுங்கள்.

கயிறு போல முறுகினதை வெட்டத்தான் வேண்டும், ஆனால் கணக்குப் பார்த்து வெட்டுங்கள். பால் கசெற்றில் நாடா செக்கனுக்கு 23.39 மில்லிமீற்றர் ஓடுகிறது, ஒரு மீற்றர் வெட்டினால் கிட்டத்தட்ட 43 செக்கன் போய்விடும். லோகோ முழுக்க அதற்குள் அடங்கும். என்ரிஎஸ்சியில் அதே ஒரு மீற்றர் 30 செக்கன். படத்துக்காகக் கசெற்றை வைத்திருக்கிறவருக்கு அது பெரிய இழப்பில்லை, லோகோவுக்காகவே சேர்க்கிறவர் வெட்ட முன் யோசிக்கட்டும்.

ஒட்டுவதற்கு அதற்கென்று விற்கிற ஒட்டு நாடாதான், செலோரேப் இல்லை. செலோரேப்பின் பசை வெயிலுக்கு வழிந்து ஹெட்டில் ஒட்டும், பிறகு கசெற்றோடு டெக்கும் போகும். பூச்சுள்ள பக்கத்தில் ஒட்டக் கூடாது, வெளிப் பக்கம் பார்த்து டிரம்மைத் தொடுவது அந்தப் பக்கம்தான். தொடக்கத்து ஒளிபுகும் துண்டோடு அறுந்திருந்தால் ஐந்து ஸ்குறூவைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து, சுருளின் கிளிப்பில் திரும்பச் செருக வேண்டும்.

## கசெற்றின் சன்னல் வழியாக நாடாவில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது

இதை லோகோகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சணம். தகரக் கூரை வீட்டில், அலுமாரியின் மேல் தட்டில், மழைக்காலம் முழுக்கக் கிடந்த கசெற்றில் வரும். ஒரு தரம் ஓட்டினால் ஹெட் அடைபடும், அதே டெக்கில் அடுத்துப் போடுகிற நல்ல கசெற்றுக்கும் தொற்றும். அந்தக் கசெற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். திறந்து பார்ப்பதென்றால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே.

ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு புள்ளி என்றால் பலியிடத் தயாரான பழைய டெக் ஒன்றில் நாடாவைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுருளின் முகம் முழுக்க வெள்ளையாக இருந்தால், அல்லது அது 2004 டிசம்பர் 26 கடல் ஏறிய வீட்டிலிருந்து எடுத்த கசெற்றாக இருந்தால், வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம். உப்பும் மணலும் காய்ந்து இறுகிய நாடாவைச் சுற்ற முயன்றாலே பூச்சு அடுத்த சுற்றோடு ஒட்டி உரிந்து வரும். நாடா மீட்பதையே தொழிலாகச் செய்கிற இடத்தில் கொடுங்கள். கொடுக்க முன், அந்தக் கசெற்றில் என்ன இருக்கிறது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். செலவு கூடின வேலை, கம்பனிப் படம் என்றால் வேறு பிரதி தேடுவதே லாபம், அந்த வீட்டு ஆட்களின் முகம் என்றால் கதை வேறு.